ஹீலியத்துக்கு 2 போதும், பெரிலியத்துக்கு ஏன் போதாது?

தேவகோட்டைக்காரரே, உங்க மகன் கேட்டது நல்ல கேள்வி. ரெண்டுக்கும் வெளிக்கூட்டில் 2 எலக்ட்ரான்தான். ஆனா ஹீலியம் மட்டும் ஏன் மந்த வாயு, அதாவது எளிதில் வினைபுரியாத வாயு?

முதல் கூட்டில் 2-க்குத்தான் இடம். ஹீலியத்தில் அது நிறைஞ்சாச்சு. பெரிலியத்தின் வெளி எலக்ட்ரான்கள் இருப்பது இரண்டாம் கூட்டில், அங்கே 8 கொள்ளும். வளவில் எட்டு இலை போட்டு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்த பந்தி மாதிரி. அந்த 2-ஐயும் இழந்தால் மிஞ்சுவது ஹீலியத்தின் அமைப்பே. (நிஜத்தில் பெரிலியம் பெரும்பாலும் எலக்ட்ரானைப் பங்கிட்டுத்தான் பிணையும். அது பதினொன்றாம் வகுப்புச் சமாச்சாரம்.)

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிலைக்கும் என்ற எண்ம விதி வேதவாக்கும் இல்லை. 3 எலக்ட்ரான் இழந்த இரும்பு அயனியின் எலக்ட்ரான் அமைப்பு எந்த மந்த வாயுவோடும் ஒத்துப்போகாது. மந்த வாயு வினையே புரியாது என்ற பேச்சும், 1962-ல் வேதியியலாளர் பார்ட்லெட் செனான் என்ற மந்த வாயுவைச் சேர்மமாக்கியதோடு போச்சு. பரீட்சையில் மட்டும் எண்ம விதியையே எழுதச் சொல்லுங்க.