ஆல் பிளாக்ஸ் அணியில் மாவோரிகளுக்கு இட ஒதுக்கீடு உண்டா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா மாதிரி நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸிலும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குகிறார்களா? ஒதுக்கினால் தகுதி அடிபடாதா?

கிடையாது. நாடாளுமன்றத்தில் மாவோரிகளுக்கு 1867 முதல் தனித் தொகுதிகள் உண்டு, இப்போது ஏழு. ஆல் பிளாக்ஸ் அணிக்கு அப்படி எதுவும் இல்லை. தேவையும் பெரிதாக எழவில்லை. 1888-89-லேயே பெரும்பாலும் மாவோரிகளைக் கொண்ட ஓர் அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று சுற்றி 107 ரக்பி ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. அதில் ஆடிய டாம் எலிசன் என்ற மாவோரிதான் ஆல் பிளாக்ஸ் அணியும் கறுப்புச் சட்டையில் வெள்ளிப் பெரணி இலை என்ற யோசனையை 1893-ல் முன்வைத்தார்.

ஆனால் இந்த அணியை இனம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறப் பாகுபாடு காட்டிய அந்நாளைய தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் அணி என்றால் மாவோரிகளுக்கு இடம் பூஜ்யம். ஜார்ஜ் நெப்பியா என்ற மாவோரி வீரர் 19 வயதில் 1924-25 பிரிட்டன் பயணத்தில் ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடினார். அணி ஒன்றிலும் தோற்கவில்லை. அப்படிப்பட்டவரை 1928-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகவில்லை. 1949-லும் அதே கதை. (மாவோரிகள் மட்டுமல்ல, மேற்கிந்தியத் தந்தைக்குப் பிறந்த நதானியேல் வில்சனுக்கும் 1919-ல் அங்கே போன நியூசிலாந்து ராணுவ அணியில் இடமில்லை. நம்ம ரஞ்சித்சிங்ஜி நினைவாக அவரை எல்லோரும் 'ரஞ்சி' என்றுதான் கூப்பிட்டார்கள்.)

1960-ல் 'மாவோரி இல்லையென்றால் பயணமும் இல்லை' என்று ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அணி அவர்கள் இல்லாமலேயே கிளம்பிப் போனது. 1967 பயணம் ரத்தானது. 1970-ல் சிட் கோயிங் போன்ற மாவோரி வீரர்கள் போக முடிந்தது, எப்படி? நிறவெறி அரசு அவர்களுக்கு 'கௌரவ வெள்ளையர்' என்று பெயர் கொடுத்தது! நியூசிலாந்து ரக்பி சங்கம் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது 2010-ல். நெப்பியாவை ஒதுக்கியபோது 'தகுதி என்ன ஆச்சு?' என்று கேட்காத ஆட்டம் இது. அதனால்தான் இன்று ஒதுக்கீடு என்றதும் தகுதியைப் பிடித்துக்கொண்டு வருபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

தென்னாப்பிரிக்கா விஷயம் வேறு. பெரும்பான்மை மக்களையே திடலுக்கு வெளியே நிறுத்தியிருந்த நாடு. 1995-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். 2019-க்குள் பாதி அணி வெள்ளையர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று பிறகு இலக்கு வைத்தார்கள். அது எட்டப்படும் வேகம் போதாது என்று 2016-ல் விளையாட்டு அமைச்சர், ரக்பி, கிரிக்கெட் உள்ளிட்ட சங்கங்கள் சர்வதேசப் போட்டிகளை நடத்த விண்ணப்பிக்கக் கூடாது என்று தடையே போட்டார்.

தரம் குறைந்ததா? 2019 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என்று அடித்தார்கள். கேப்டன் சியா கொலிசி. முதல் டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) மப்பிம்பி, அடுத்தது கோல்பி. மூவரும் வெள்ளையர் அல்ல. ஆனாலும் தேசிய அணியில் மட்டும் தலை எண்ணுவது எனக்கு அரைகுறை வேலையாகத்தான் படுகிறது. கொலிசி ஸ்விடே என்ற ஏழைக் கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்தவர். உதவித்தொகையில் ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்ததால்தான் அவருக்கு வழி திறந்தது. அந்த உதவி கிடைக்காத பையன்களுக்குத் திடலும் பயிற்சியாளரும் வேண்டும். இலக்கை அங்கே வையுங்கள்.

நியூசிலாந்தில் நான் கேட்பது நிர்வாகத்தில் இடம். ரக்பி சங்க வாரியத்தில் மாவோரி பிரதிநிதிக்கு ஓர் இடம் இருந்தது. 2016-ல் அதில் வந்த ஃபரா பால்மர்தான் அந்த வாரியத்தின் முதல் பெண்ணும்கூட. ஒரே ஓர் இடம் போதாது என்பது என் கட்சி.

அப்புறம், பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: 'மாவோரி ஆல் பிளாக்ஸ்' தனி அணி. அதில் ஆட மாவோரி வம்சாவளி கட்டாயம். 2005-ல் பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணியான பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸை 19-13 என்று தோற்கடித்தது அந்த அணிதான்.