இன்றைய ராப்பர்கள் பாடுவது அவர்கள் உண்மையிலேயே வாழ்ந்த வாழ்க்கையா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: சொந்த விமானம், வைரச் சங்கிலி என்று பாடுகிறவரோடு சாதாரண ஆள் எப்படி ஒன்ற முடியும்?

முதல் பாதிக்குப் பதில் எளிது. பலர் வாழவில்லை. இது இன்றைக்குத் தொடங்கிய கதையும் இல்லை. 1979இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’தான் ராப் பாட்டுகள் பிறந்த ஹிப் ஹாப் இசையின் முதல் பெரிய ஹிட். அதில் பிக் பேங்க் ஹேங்க் என்பவர் பாடுவது கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொரு ராப்பர் எழுதிய வரிகளை. காஸ் தன் மேடைப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார் ஹேங்க்! காப்பி அடிக்கும்போது பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்ட கதைதான்.

நானும் ஒரு காலத்தில் இந்தத் துப்பறியும் வேலையைப் பார்த்தவன். தெரு வன்முறையைப் பாடிப் புகழ்பெற்ற டூபாக், அமெரிக்காவின் பால்டிமோரில் கலைப் பள்ளியில் நடிப்பும் பாலே நடனமும் படித்தவர் என்று தெரிந்தபோது ஏமாந்தது போல இருந்தது. அதே ரகப் பாட்டுகள் பாடிய ஐஸ் கியூப் கட்டட வரைபடம் போடப் படித்தவர் என்று அறிந்தபோதும் அப்படித்தான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. தன் தெருவில் நடந்ததைச் சொல்ல, அதை அவரே செய்திருக்க வேண்டுமா என்ன?

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களிலும் சிலரை ரசிகர்கள் கைவிட்டார்கள், சிலரை விடவில்லை. 1990இல் உச்சிக்குப் போன ராப்பர் வெனிலா ஐஸ், மயாமியின் முரட்டுத் தெருக்களில் வளர்ந்தவர் என்று விற்கப்பட்டார். அது புனைவு என்று பத்திரிகைகள் அம்பலப்படுத்தின, சீக்கிரமே கேலிப்பொருளாகிவிட்டார். இன்னொரு ராப்பர் ரிக் ராஸ் விஷயம் இதைவிட மோசம். போதைப்பொருள் கடத்தல்காரர் ஒருவரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு கடத்தல் கதைகள் பாடியவர், முன்பு சிறைக் காவலராக வேலை பார்த்தவர் என்று 2008இல் வெளியே வந்தது. முதலில் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் 2009இல் அவருடைய அடுத்த ஆல்பம் நேராக முதலிடத்துக்குப் போனது. ராஸின் பாட்டை மக்கள் தாதா படம் பார்ப்பது போலக் கேட்டார்கள், படத்தில் வரும் தாதா நிஜ தாதாவா என்று யார் கேட்கப் போகிறார்கள்? வெனிலா ஐஸிடம் அந்த வாழ்க்கைக் கதையை எடுத்துவிட்டால் மிச்சம் பெரிதாக எதுவும் இல்லை. இது என் கணிப்புதான்.

எழுதிக் கொடுக்க வேறு ஆள் வைத்திருக்கிறார் என்று 2015இல் ராப்பர் டிரேக் மீது இன்னொரு ராப்பரான மீக் மில் குற்றம் சாட்டியபோது நடந்த சண்டையும் இதே ரகம். மற்ற பாடகர்களிடம் ‘பாட்டை நீங்களே எழுதினீர்களா?’ என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ராப்பில் மட்டும் ‘நான்’ என்றால் பாடுகிறவரே என்று எடுத்துக்கொள்கிறோம். இதில் ஒரு விபரீதமும் உண்டு. அமெரிக்காவில் அரசு வழக்கறிஞர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு, பாட்டு வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் வைக்கிறார்கள். அட்லாண்டாவில் யங் தக் என்ற ராப்பரின் வழக்கில் நடந்தது அதுதான். கலிஃபோர்னியாவில் இதற்குக் கடிவாளம் போட 2022இல் தனிச் சட்டமே வந்தது.

சரி, ஒன்றுவதற்கு வருவோம். 2007 செப்டம்பர் 11 அன்று 50 சென்ட், கான்யே வெஸ்ட் என்ற இரண்டு ராப்பர்களும் ஒரே நாளில் ஆல்பம் வெளியிட்டார்கள். ஒருவர் ஒன்பது குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தவர், இன்னொருவர் கல்லூரிப் பேராசிரியையின் பிள்ளை, துணிக்கடை வேலையின் சலிப்பைப் பாடியவர். முதல் வாரத்தில் கான்யே 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல் விற்றார், 50 சென்ட் 7 லட்சத்தைத் தொடவில்லை. குண்டடி பட்டவர்களைவிடப் பிடிக்காத வேலைக்குப் போகிறவர்கள் உலகத்தில் அதிகம் இல்லையா?

என்னை மாற்றியது ராப்பர் கெண்ட்ரிக் லமாரின் 2012 ஆல்பம், ‘குட் கிட், மாட் சிட்டி’. கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் துப்பாக்கிகளுக்கு நடுவே வளரும் பையனின் கதை, எனக்குத் துளியும் சம்பந்தமில்லாத உலகம். ஆனால் பாட்டுகளுக்கு இடையில் அம்மாவின் குரல் ஃபோனில் பதிவாகியிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் எப்போது திரும்பக் கொண்டுவருவான் என்று கேட்பார். அந்தப் பக்கம் அப்பா தான் விளையாடும் டாமினோ கட்டைகளைத் தேடிக்கொண்டிருப்பார். முதல் முறை கேட்டபோது பேருந்தில் இருந்தேன். வீட்டிலிருந்து வந்த மூன்று மிஸ்டு கால்களைப் பார்த்தும் பேசாமல் விட்டிருந்தேன். உடனே கூப்பிட்டேன்.

எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று பொதுவாக ‘வலி’, ‘போராட்டம்’ என எழுதும் பாட்டுகள் என்னிடம் ஒட்டுவதே இல்லை. அந்த டாமினோ கட்டை ஒட்டிக்கொண்டது.

பணம் இதற்குத் தடை என்றும் சொல்ல மாட்டேன். 2017இல் கோடீஸ்வர ராப்பர் ஜே-ஸீ, மனைவிக்குச் செய்த துரோகத்துக்கு ஒரு முழுப் பாட்டில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கும்போது அவருடைய சொத்துக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது.

அப்புறம், விமானம், வைரம் பாட்டுகளும் என் ஃபோனில் நிறைய உண்டு. காலையில் ஓடும்போது அவைதான் சரி. அந்த நேரத்தில் யாராவது தன் அம்மாவைப் பற்றிப் பாடினால் நான் நின்றுவிடுவேன்.