பனிப்புயல் வருகிறது: டிக்கெட்டை நாமே ரத்து செய்யலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளுடன் நியூவார்க்கிலிருந்து சிகாகோ வழியாக மினியாபொலிஸ் செல்ல, பணம் திரும்பக் கிடைக்காத வகை டிக்கெட் எடுத்திருக்கிறோம். பயண நாளன்று சிகாகோவில் பனிப்புயல் என்கிறது வானிலை அறிக்கை. கூடுதல் கட்டணமின்றித் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று விமான நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. இப்போதே ரத்து செய்துவிடலாமா? வழியில் மாட்டிக்கொண்டால் ஓட்டல் செலவை யார் ஏற்பார்கள்?

பதில்: தயவுசெய்து நீங்களாக ரத்து செய்யாதீர்கள். யார் முதலில் ரத்து செய்கிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் பணத்தின் கதி இருக்கிறது. நீங்கள் ரத்து செய்தால், உங்கள் வகை டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பின்னாளில் வேறு டிக்கெட் வாங்கப் பயன்படுத்தும் வரவுதான் (கிரெடிட்) கிடைக்கும். நிறுவனம் ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று விமானத்தை நீங்கள் ஏற்காவிட்டால், முழுப் பணமும் திரும்ப வரவேண்டும். காரணம் வானிலையாகவே இருந்தாலும் இதில் மாற்றமில்லை. உள்நாட்டு விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டாலும் இதே உரிமை உண்டு; வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த அளவு 6 மணி நேரம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024இல் வகுத்த விதி இது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள் பணம் வரவேண்டும். கைப்பேசிக்கு வரும் செய்தியில் வவுச்சரை ஏற்கும் பொத்தானை அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், போய்ச் சேரவேண்டும் என்ற ஆசைதான் தெரிகிறது. அப்படியானால் காத்திருக்காதீர்கள். தேதி மாற்றச் சலுகையை இன்றே பயன்படுத்துங்கள். விடுமுறைக் காலத்தில் பணத்தைவிட அரிதானது இருக்கை. புயலுக்குப் பிந்தைய நாளுக்கு மாற்றினால், ரத்தான விமானங்களின் பயணிகள் அத்தனை பேரோடும் போட்டியிட வேண்டியிருக்கும். எனவே முடிந்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். சிகாகோவைத் தவிர்த்து மினியாபொலிஸுக்கு நேரடி விமானம் கேளுங்கள். நியூவார்க்கில் இடமில்லை என்றால் நியூயார்க்கின் லகார்டியா, பிலடெல்பியாவிலிருந்து போக முடியுமா என்று விசாரியுங்கள். நால்வருக்கும் ஒரே விமானத்தில் இடம் கிடைப்பது கடினம். பெரியவர் ஒருவருடன் ஒரு பிள்ளை என்று முன்பதிவை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தால் வாய்ப்பு கூடும்.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது பனிப்பொழிவு எத்தனை அங்குலம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ‘உறைமழை’ (freezing rain) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பனி கொட்டினால் பெரும்பாலும் ஓடுபாதையை வழித்துச் சுத்தம் செய்துவிடலாம். இறக்கையில் படிந்த பனியைச் கிளைக்கால் என்ற, எளிதில் உறையாத திரவம் சேர்ந்த சூடான கலவையைத் தெளித்து அகற்றி, மேலே இன்னொரு கெட்டியான திரவத்தைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. அதற்குள் மேலெழ முடியாவிட்டால் பெரும்பாலும் திரும்பி வந்து மறுபடி தெளிக்க வேண்டும். வரிசை நீண்டு போவது இதனால்தான். ஆனால் மிதமான அல்லது கனத்த உறைமழைக்கு அந்த அட்டவணையில் நேரமே கிடையாது. விழுந்த கணத்தில் உறைந்து, இறக்கையின் வடிவத்தையே கெடுத்துவிடும் மழை அது. உறைமழை முன்னறிவிப்பு இருந்தால், உங்கள் விமானம் கிளம்பாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நியூவார்க்கில் வெயில் அடிக்கும்போதும் விமானம் ரத்தாகலாம். நீங்கள் ஏறவேண்டிய விமானம் சிகாகோவில் சிக்கியிருக்கலாம். அல்லது விமானிகளின் சட்டப்படியான பணி நேரம் முடிந்திருக்கலாம். களைத்த விமானியைப் பறக்க விடாத விதி நம் உயிரைக் காப்பது. அதற்காகக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் சினம் கொள்வது நியாயமில்லை.

ஓட்டல் செலவு: வானிலை காரணம் என்றால் அமெரிக்காவில் விமான நிறுவனம் அறையோ உணவோ தரவேண்டும் என்ற கட்டாயமில்லை. டிக்கெட் வாங்கிய கிரெடிட் கார்டில் பயணத் தாமதக் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், தாமதத்துக்கான காரணத்தை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, ரசீதுகளை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். புயல் செய்தி வந்தபிறகு புதிதாக எடுக்கும் காப்பீடு இந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது.

ஆனால் ‘வானிலை’ என்ற பதிலை எப்போதும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 2022 டிசம்பர் புயலில் மற்ற நிறுவனங்கள் சில நாட்களில் மீண்டுவிட்டன. சவுத்வெஸ்ட் நிறுவனமோ பணியாளர்களை எந்த விமானத்துக்கு அனுப்புவது என்று ஒழுங்கு செய்ய முடியாமல் 16,900 விமானங்களை ரத்து செய்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். அடுத்த ஆண்டு போக்குவரத்துத் துறை அதற்கு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. வானம் தெளிந்து பிற விமானங்கள் பறக்கும்போது உங்களுடையது மட்டும் நின்றால், அது நிறுவனத்தின் குறையாக இருக்கலாம். அப்போது அறையும் உணவும் கேளுங்கள். மறுத்தால் அந்தத் துறையிடம் புகார் செய்யுங்கள்.

பெட்டியைச் சரக்கில் போடாமல் கையிலேயே கொண்டு செல்லுங்கள். விமானம் மாறும்போது அது உங்களோடு மாறும். மருந்துகள், பிள்ளைகளின் மாற்றுடை கட்டாயம் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. விமானம் ரத்தானதும் பலர் வாடகைக் காரைத் தேடுகிறார்கள். நியூவார்க்கிலிருந்து மினியாபொலிஸ் ஏறத்தாழ 1,200 மைல். அதுவும் புயல் கடக்கும் பாதையிலேயே. அதே 2022 புயலில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் காருக்குள் சிக்கி இறந்தவர்களும் உண்டு. தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். உள்ளூர்ச் சாலையிலேயே எப்போதாவது பனியில் சிக்கினால், காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை இயக்கும் முன் புகைக்குழாய் வாயிலுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்துவிடும். எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாமல் அவ்வப்போது மட்டும் இயக்கி, ஜன்னலைச் சற்றே திறந்து வைத்து, 911ஐ அழையுங்கள்.