பழைய அரசு அறிக்கைகள், ஆய்வு நிறுவன வெளியீடுகளின் இணைப்புகள் திறக்கவில்லை. எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிக் காப்பது?

இணைப்பு திறக்கவில்லை என்றால் ஆவணமே போய்விட்டது என்று பலர் தேடலைக் கைவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆவணம் எங்கோ இருக்கிறது, முகவரிதான் மாறியிருக்கும். மத்தியத் திட்டக்குழுவின் இடத்துக்கு 2015 ஜனவரி 1இல் நிதி ஆயோக் வந்தது. பணிக்குழு அறிக்கைகளும் மதிப்பீட்டு ஆய்வுகளும் இருந்த பழைய முகவரிகள் அதன்பின் செயலிழந்தன. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் இன்றும் அந்த முகவரிகள்தான் இருக்கின்றன.

ஆகவே அந்தச் செத்த முகவரியைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் சாவி. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைத் தேதிவாரியாகச் சேமித்து வைக்கும் தளம் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். முகவரியை அப்படியே அதில் ஒட்டுங்கள். நாட்காட்டியில் கடைசியாகச் சேமித்த பிரதியைத் திறந்தால் பல சமயம் ஏமாற்றம்தான் கிடைக்கும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள், வேபேக்கும் அந்த முகப்பையே சேமித்து வைத்திருக்கும். அறிக்கை வெளிவந்த ஆண்டை ஒட்டிய தேதிகளைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் முகவரியின் கடைசித் துண்டை, அதாவது கோப்பின் பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடுங்கள். தளம் மாறும்போது கோப்புறைகள் மாறும், கோப்பின் பெயர் பெரும்பாலும் மாறாது. மூன்றாவது வழி, முகவரியைக் கோப்புறை வரை வெட்டி, இறுதியில் உடுக்குறி (*) இட்டு வேபேக்கில் தேடுவது. அந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டவை பட்டியலாக வரும். வடிகட்டும் பெட்டியில் பிடிஎஃப் என்பதற்கான ஆங்கில எழுத்துகளை இட்டால் அறிக்கைகள் மட்டும் நிற்கும். பெரிய தளங்களுக்கு முழுப் பட்டியலும் வராது என்பதால், முடிந்தவரை ஆழமான கோப்புறையிலிருந்து தொடங்குங்கள்.

தமிழ்நாடு அரசின் துறைவாரிக் கொள்கை விளக்கக் குறிப்புகளைத் தேடுவோருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பழைய குறிப்புகள் பல, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். தேடுபொறிக்கும் அந்தக் குப்பைதான் தெரியும். ‘ஊராட்சி’ என்று எத்தனை முறை தேடினாலும் அகப்படாததற்குக் காரணம் இதுதான். துறையின் ஆங்கிலப் பெயர், நிதியாண்டு, மானியக் கோரிக்கை எண் ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். கிடைத்த பிறகு, பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்துத் தேடக்கூடிய உரையாக்கும் (இதுதான் ஓசிஆர்) ஓசிஆர்மைபிடிஎஃப் (OCRmyPDF) என்ற இலவச மென்பொருளைத் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிகளும் அமைத்து ஓட்டுங்கள். எழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று நினைத்து அது மறுக்கும். கட்டாய ஓசிஆர் தெரிவைக் கொடுக்க வேண்டும். அந்தத் தெரிவு பக்கங்களைப் படமாக மாற்றிவிடுவதால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். அட்டவணை எண்களில் பிழை வரும், மூலத்தோடு ஒப்பிட்டே எடுத்தாளுங்கள்.

இணையத்துக்கே வராதவற்றுக்கு நூலகம்தான் வழி. புனேயில் உள்ள கோகலே அரசியல், பொருளியல் ஆய்வு நிறுவன நூலகத்தின் மின்களஞ்சியத்தில் பழைய அரசு அறிக்கைகள் நிறைய உள்ளன. இலங்கைத் தமிழ் நிறுவனங்களின் வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இயங்கும் மின்நூலக நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். துறையே வெளியிடாமல் வைத்திருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய தகவல்’ என்று பொதுவாகக் கேட்காமல் அறிக்கையின் பெயர், குழுவின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலியலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை, இந்தச் சட்டப்படி போட்ட மனு தில்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2012 மே மாதம் மக்கள் கைக்கு வந்தது.

இனி, காப்பது. கோப்பைத் தரவிறக்கியதும் திறந்து பாருங்கள். சில கிலோபைட் அளவுதான் இருக்கிறதென்றால் அது பிடிஎஃப் பெயர் போர்த்திய பிழைப் பக்கம். வேபேக்கில் சேமிக்கும்போது அறிக்கையை அறிமுகப்படுத்தும் பக்கத்தை மட்டும் கொடுத்தால் உள்ளிருக்கும் பிடிஎஃப் சேரும் என்று நம்பாதீர்கள். இரண்டு முகவரிகளையும் தனித்தனியாகக் கொடுங்கள். பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும் கோப்புகளை அது பிடிக்காது. அவற்றை இன்டர்நெட் ஆர்கைவில் கணக்குத் தொடங்கி நேரடியாக ஏற்றலாம். ஆனால் உரிமையைப் பார்த்துச் செய்யுங்கள்: அரசு அமைத்த குழுவின் அறிக்கை சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கப்பட்டிருந்தால், அரசு தடை செய்யாத வரை அதை மறுவெளியீடு செய்யப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. தனியார் ஆய்வு நிறுவனத்தின் வெளியீட்டுக்கு இது பொருந்தாது, அனுமதி வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியம், ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறு உரைக் கோப்பு. தலைப்பு, நிறுவனம், தேதி, வரைவா இறுதியா, மூல முகவரி, தரவிறக்கிய நாள், எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இதுவும் மாறிவிடும்). அதே முகவரியில் வரைவை எடுத்துவிட்டு இறுதி அறிக்கையைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கும் வழக்கம் உண்டு. இரண்டுக்கும் இடையில் எந்தப் பத்தி காணாமல் போனது என்பதே சில சமயம் பெரிய செய்தி. நாளும் சரிபார்ப்பு எண்ணும் இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது வரைவுதான் என்று யாரிடமும் நிறுவ முடியாது. மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் கொடுத்த மேகச் சேமிப்புக் கணக்கை அந்த மூன்றில் சேர்க்காதீர்கள். வேலையை விட்டு விலகும் நாளில் கணக்கோடு கோப்புகளும் போய்விடும்.