பி.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கலாமா? அதற்கு எதிர்காலம் உண்டா?

வீட்டில் பி.காம். சேரச் சொல்கிறார்கள், உங்களுக்கோ மார்க்கெட்டிங்கில் ஆசை, சொந்தக்காரர் ஒருவர் "பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையவா இந்தப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

நானும் பி.பி.ஏ. மார்க்கெட்டிங்தான். மதுரையில் படித்தேன். மேலே எம்.பி.ஏ. போகவில்லை. இன்று ஒரு நுகர்பொருள் கம்பெனியில் ஏரியா சேல்ஸ் மேனேஜர்.

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் விளம்பரம், பிராண்டு, இன்ஸ்டாகிராம் மட்டும்தான் என்று நினைத்துச் சேராதீர்கள். அக்கவுண்ட்ஸ், புள்ளியியல், வணிகச் சட்டம் எல்லாம் உண்டு. அரியர் விழாமல் தாண்டினால் போதும் என்று பிள்ளைகள் ஒதுக்கும் அந்தப் பேப்பர்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் அண்ணாச்சி ஒருவர் ஏஜென்சியை விடப்போவதாகச் சொல்லிவிட்டார். சமாதானம் பேசப் போனவர்கள் ஸ்கீம் தருகிறோம், டார்கெட்டைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மசியவில்லை. நான் போனபோது, "தம்பி, மாசம் 10 லட்சத்துக்கு விக்கேன். வண்டி, ஆள் சம்பளம் எல்லாம் போக 20,000 நிக்குது. வெறும் 2 பெர்சென்ட். பேசாம பேங்க்ல போட்டுட்டுத் தூங்கலாம்லா?" என்றார்.

பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். குடோனில் இருக்கும் சரக்கு 4 லட்சம். கடைகளில் நிற்கும் பாக்கி 2 லட்சம். ஆக அவர் போட்ட பணம் 6 லட்சம்தான். அதுவே மாதத்தில் ஒன்றரைத் தடவைக்கு மேல் சுற்றி 10 லட்சம் வியாபாரமாகிறது. மாதம் 20,000 என்றால் வருடம் 2,40,000. போட்ட பணத்துக்கு 40 சதவீதம். அவர் உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பீர்கள். மாதம் 10,000 அதற்கென்று கழித்தும் பார்த்தோம். அப்போதும் 20 சதவீதம், எந்த பேங்க் தரும்? அண்ணாச்சி பில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பாக்கியைக் குறைச்சா?" என்றார். ஒரு லட்சம் வசூலானால் போட்ட பணம் 5 லட்சமாகக் குறையும், 40 சதவீதம் 48 ஆகும் என்றேன். ஏஜென்சி இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. இதெல்லாம் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பேப்பரில் வருவதுதான்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் அமெரிக்கக் கோலா கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, கடலூர் சிக் ஷாம்பூவை எடுத்துப் பாடம் நடத்துவார். 1983-ல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழில். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். ஆட்கள் பழகியதும் சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். வேறு பிராண்டு வாங்குபவரை முதலில் நம் பொருளைத் தொட வைப்பது, பிறகு தக்கவைப்பது என்ற இரண்டு பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெரிய கம்பெனிகளின் பிராண்டு மேனேஜர் நாற்காலி பெரும்பாலும் நல்ல எம்.பி.ஏ. கல்லூரிகளில் இருந்து வருபவர்களுக்குத்தான் போகிறது, அதையும் மறைக்கவில்லை. பி.பி.ஏ.வோடு வந்தால் முதல் வேலை வெயிலில் கடை கடையாக ஆர்டர் எடுப்பதாகத்தான் இருக்கும். அதில் என்ன கேவலம்?

கேவலமாக நினைப்பவர்கள் வீட்டு உரிமையாளர்கள். டிரான்ஸ்ஃபர் ஆகி வீடு தேடினால், பேசி முடித்து, அட்வான்ஸ் வரை வந்தபிறகு "என்ன வேலை?" என்பார்கள். மார்க்கெட்டிங் என்றதும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்". மனைவி, குழந்தை, சம்பள ஸ்லிப் எல்லாம் காட்டியும் இதே பதில். ஊருக்கே சோப்பும் பற்பசையும் கொண்டு சேர்ப்பவனுக்கு ஊருக்குள் ஒரு வீடு தர யோசிக்கிறார்கள். இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். கல்லூரியில் விசாரிக்கும்போது பிளேஸ்மென்ட் சதவீதத்தோடு விட்டுவிடாமல், இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள், அங்கே பிள்ளைகள் மார்க்கெட்டுக்குப் போகிறார்களா, சான்றிதழ் மட்டும் வாங்கி வருகிறார்களா என்று கேளுங்கள். கடைசி வருடப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் உண்மை வரும். பி.காம்.தான் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டால், சில கல்லூரிகளில் பி.காம். மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் இருக்கிறது. அதற்கு அப்பா ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.