கார்ல் ஃப்ரிஸ்டனின் மேற்கோள் எண்ணிக்கை: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் மூளை ஆய்வாளர் கார்ல் ஃப்ரிஸ்டனைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடம் மூளை ஸ்கேன் தரவுகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 200-ஐத் தாண்டிவிட்டதாமே, ஒரே ஆளால் முடியுமா?

முடியும். ஹெச்-இண்டெக்ஸ் என்பது ஒருவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்கும் எண். குறைந்தது 200 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 200 இருந்தால் அந்த எண் 200. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் கொண்டுவந்த கணக்கு இது. ஃப்ரிஸ்டனுக்கு இவ்வளவு வந்ததற்குப் பெரிய காரணம் எஸ்பிஎம் என்ற மென்பொருள். 90-களின் தொடக்கத்தில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்தபோது, பெட் ஸ்கேன் (உடலுக்குள் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுப்பது) படங்களை அலசுவதற்காக உருவாக்கியது. மூளையைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் புள்ளியியல் சோதனை நடத்தி, எங்கே உண்மையான மாற்றம் இருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும். அதை இலவசமாகவே கொடுத்தார்கள். அப்புறம் மூளை வேலை செய்யும்போதே படம் எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் வந்து உலகம் முழுக்கப் பரவியபோது, ஸ்கேனர் வைத்திருந்த ஆய்வகங்களில் பெரும்பங்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பயன்படுத்தியவர்கள் அதை விளக்கும் கட்டுரைகளை மேற்கோள் காட்டுவார்கள், எண்ணிக்கை ஏறும்.

கேள்வி: அப்படியென்றால் கருவிக்குத்தானே மேற்கோள், கண்டுபிடிப்புக்கு இல்லையே?

பெரும்பகுதி கருவிக்குத்தான், ஆனால் அதை மட்டமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 2000-ல் சக ஆய்வாளர் ஜான் ஆஷ்பர்னரோடு சேர்ந்து அவர் விளக்கி எழுதிய விபிஎம் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், மூளையின் சாம்பல் பகுதி எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று ஆட்களுக்கிடையே ஒப்பிட உதவுவது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு, இடங்களை நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருக்கிறது என்ற புகழ்பெற்ற ஆய்வில் பயன்பட்டது இந்த முறைதான். அந்தக் கட்டுரையில் ஃப்ரிஸ்டன் பெயர் இல்லை, ஆனால் அந்த முடிவுக்கு அந்த முறை பெரிதும் உதவியது. 2010-ல் எழுதிய 'ஃப்ரீ எனர்ஜி' கட்டுரை வேறு ரகம், மூளை எப்போதும் அடுத்து வரப்போவதை ஊகித்து, தவறைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்ற கருத்துக்காக அதை மேற்கோள் காட்டுகிறார்கள். முதல் வாசிப்பில் புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், எனக்கும் பல தடவை ஆனது.

கேள்வி: நோபல் வாங்கியவர்களைவிடப் பெரியவர் என்று சொல்லலாமா?

இந்த எண்ணை வைத்துச் சொல்லவே கூடாது. மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971-ல் டோஸ்ட்ரோவ்ஸ்கியோடு எழுதியது சின்னக் கட்டுரை. எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைப் பற்றியது. ஓ'கீஃபுக்கு நோபல் கிடைத்தது 2014-ல். எலியின் மூளைக்குள் மின்முனை வைத்து ஒவ்வொரு நரம்பணுவாகப் பதிவு செய்கிறவரால் வருடத்துக்கு இத்தனை கட்டுரை எழுதவும் முடியாது, அவர் முறையை ஆயிரம் ஆய்வகங்கள் மறுநாளே தொடங்கவும் முடியாது.

கேள்வி: குறை சொல்லி எழுதினாலும் எண்ணிக்கை ஏறுமா?

ஏறும். 2016-ல் எக்லுண்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் எஸ்பிஎம் உட்பட மூன்று மென்பொருள்களைச் சோதித்து, ஒருவகைச் சோதனையில் 5 சதவீதத்தில் நிற்க வேண்டிய தவறான நேர்முடிவுகள் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகக் காட்டுவது) சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போகின்றன என்று காட்டினார்கள். துறையே ஆடிப்போனது. பாராட்டோ கண்டனமோ, கணக்கில் ஒன்றுதான்.

கேள்வி: மேற்கோள்களை எண்ணும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோபஸில் இன்னொன்று. எது சரி?

இரண்டும் சரி. கூகுள் முனைவர் பட்ட ஆய்வேடுகளையும், இதழில் வருமுன்பே இணையத்தில் போடும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும், அதனால் கூடுதலாகத்தான் இருக்கும். ஒப்பிடும்போது ஒரே இடத்து எண்ணை எடுங்கள்.

கேள்வி: பிஎச்.டி. சேரப்போகிறேன். என் கைடின் ஹெச்-இண்டெக்ஸ் 9தான். விட்டுவிடலாமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். அவர் வேலைக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று முதலில் பாருங்கள், இந்த எண் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. அப்புறம் அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் எந்த வரியில் காட்டியிருக்கிறார்கள் என்று திறந்து படியுங்கள். அறிமுகப் பத்தியில் பத்துப் பேரோடு ஒருவராகப் பெயர் வருவது ஒன்று, 'இவர் முறைப்படி செய்தோம்' என்று செய்முறைப் பகுதியில் வருவது வேறு. முக்கியமாக, அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.