பாதிக் குச்சி போதும்: ஜப்பானிய ஊதுபத்தி பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வீட்டில் ஜப்பானிய ஊதுபத்தி ஏற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வியாபாரி இல்லை. பல ஆண்டுகளாக இதில் காசைக் கரியாக்கிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

கேள்வி: ஓசாகா போய் வந்த உறவினர் ஒரு பெட்டி கொடுத்தார். குச்சி நூடுல்ஸ் போல மெலிதாக இருக்கிறது, நடுவில் மூங்கிலே இல்லை. எந்த முனையை எதில் செருகுவது?

எந்த முனையும் ஒன்றுதான். நம் ஊதுபத்தியில் மணப்பொருளோடு மூங்கிலும் சேர்ந்து எரிகிறது. அந்தக் கருகல் வாசம் நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. ஜப்பானியர் ‘செங்கோ’ என்று அழைக்கும் இந்தக் குச்சி, தபு என்ற மரத்தின் பட்டைத் தூளோடு மணப்பொருட்களைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் போல அச்சில் பிழிந்து உலர்த்தியது. அதனால் எளிதில் ஒடியும். துளையுள்ள மரத் தாங்கியில் அழுத்திச் செருகாதீர்கள். ஒரு சிறு பீங்கான் கிண்ணத்தில் முக்கால் பங்கு சாம்பல் நிரப்பி, அதில் நட்டு வையுங்கள். புதைந்த பகுதி எரியாமல் நின்றுவிடும். அந்த வீணும் வேண்டாம் என்றால் சாம்பலைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கி, குச்சியை அதன்மேல் படுக்க வைக்கலாம்.

கேள்வி: சாம்பலுக்கு எங்கே போவது? திருநீறு போடலாமா?

விறகடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தால் போதும். உமிச் சாம்பலும் நன்றாக இருக்கும். திருநீற்றில் பலவற்றுக்கு வாசனை சேர்த்திருப்பார்கள், குச்சியின் மணத்தை அது கெடுக்கும். வீட்டில் அம்மாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏற்றிப் பத்து நிமிடம் ஆகியும் வாசமே வரவில்லை. நம் ஊர்ப் பத்தி தெருமுனை வரை மணக்கும். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. மின்விசிறியை நிறுத்தினீர்களா? இப்படிக் கேட்பவர்களில் பாதிப்பேர் விசிறிக்கு நேர் கீழே ஏற்றியிருப்பார்கள். விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வையுங்கள். முனை பற்றியதும் சுடரைக் கையால் விசிறி அணையுங்கள். வாயால் ஊதி அணைப்பதை அங்கேயும் மரியாதைக் குறைவாகத்தான் நினைக்கிறார்கள்.

பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கை நீட்டாதீர்கள். அருகில் புகைதான் தெரியும். அறையை விட்டுப் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வாசலில் கால் வைக்கும் அந்த நொடியில் வருவதுதான் மணம். குச்சி அணைந்தபின் திரைச்சீலையில் தங்கி நிற்பதற்கு ‘நொகொரிகா’, அதாவது மிச்ச மணம், என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு எரியும் மணத்தைவிட அதுதான் பிடிக்கும்.

வீடு முழுவதும் மணக்க வேண்டும் என்று மூன்று குச்சி ஏற்றுவது வீண். 14 செ.மீ. குச்சி ஏறக்குறைய அரை மணி நேரம் எரியும். சிறிய அறைக்கு அதில் பாதியை ஒடித்து ஏற்றினால் போதும்.

கேள்வி: ஒரு பெட்டி இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, இருபதாயிரத்துக்கும் கிடைக்கிறது. அப்படி என்னதான் வித்தியாசம்?

அகில்தான் வித்தியாசம். அகில் மரத்தில் காயம்பட்டுப் பூஞ்சை தொற்றும்போது, அதை எதிர்க்க மரம் பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறி இறுகிய கட்டைதான் மணக்கும். நோய் தொடாத மரம் வெறும் விறகு. பிசின் மிகுந்த கட்டை நீரில் மூழ்கும் என்பதால் ஜப்பானியர் அதை ‘ஜின்கோ’, மூழ்கும் மணம், என்கிறார்கள். அதிலும் உச்சம் வியட்நாமில் கிடைக்கும் ‘கியாரா’. ‘காலாகுரு’ என்ற வடசொல் உருமாறி வந்த பெயர் இது என்பார்கள். காலாகுரு என்றால் கரிய அகில். நம் பழைய பாடல்களில் மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டிய காரகிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

595-ஆம் ஆண்டில் அவாஜி தீவில் ஓர் அகில் கட்டை கரை ஒதுங்கியது. விறகென்று நினைத்து அடுப்பில் வைத்தவர்கள் மணத்தில் திகைத்து, அதை அரசவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று அவர்களின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இன்று ஜப்பானின் ஊதுபத்தியில் பெரும்பங்கு அதே தீவில்தான் தயாராகிறது. நாரா நகரத்து அரசக் கருவூலத்தில் ‘ரஞ்சதாய்’ என்ற ஒன்றரை மீட்டர் நீள அகில் கட்டை இருக்கிறது. 1574-இல் ஓதா நொபுனாகா என்ற போர்த்தலைவன் அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டான். தலைநகரைப் பிடித்தவனுக்கு அதுவும் ஓர் அதிகாரச் சின்னம்.

நீங்கள் சந்தனத்தில் தொடங்குங்கள். அங்கே ‘பியாகுதான்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அவர்கள் போற்றும் உயர்ந்த சந்தனம் மைசூர்ப் பக்கத்து மரம் என்பது வேறு கதை. சகாய் ஊரின் பைஎய்தோ (தொடங்கியது 1657), கியோட்டோவின் ஷோயெய்தோ (1705) என்ற இரண்டு பழைய ஊதுபத்தி நிறுவனங்களிலும் சந்தனக் குச்சிகள் நன்றாக இருக்கும்.

கேள்வி: புகையே இல்லாமல் கட்டையைச் சூடாக்கி முகர்வார்களாமே? சாம்பிராணி போலத் தணலில் போடலாமா?

தணலில் நேராகப் போட்டால் விலை உயர்ந்த அகில் ஒரே நிமிடத்தில் கருகிவிடும். அவர்கள் முறை வேறு. கைப்பிடிக்குள் அடங்கும் கிண்ணத்தில் சாம்பலை நிரப்பி, வெளிப்புறம் முழுவதும் நீறு பூத்த ஒரு சிறு கரித்துண்டை அதற்குள் புதைக்கிறார்கள். மேலே சாம்பலைக் குன்று போலக் குவித்து, உச்சியிலிருந்து கரிவரை குச்சியால் ஒரு துளை. அந்தத் துளைமேல் காக்காப்பொன் தகடு, தகட்டின்மேல் அரிசியில் பாதியளவு அகில் சீவல். புகை எழக் கூடாது. எழுந்தால் சூடு அதிகம். கரியை இன்னும் ஆழமாகப் புதையுங்கள். தீக்குச்சி காட்டியதும் படபடவென்று பற்றும் வில்லைக் கரி வேண்டாம், அதன் வெடியுப்பு நாற்றம் எல்லாவற்றையும் கெடுக்கும்.

கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் குடை போல மூடி, விரலிடுக்கில் மூன்று முறை முகர வேண்டும். மூச்சை விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை அவர்கள் முகர்வது என்று சொல்வதில்லை, மணத்தைக் ‘கேட்பது’ என்கிறார்கள். முதலில் எனக்கு இது அலட்டலாகத்தான் பட்டது. பிறகு ஒரு நள்ளிரவில், தெரு அடங்கியபின் செய்து பார்த்தேன். அந்தச் சொல் சரிதான்.

கரியோடு போராட மனமில்லை என்றால், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்சாரச் சூடேற்றி போதும்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு வீசிங் இருக்கிறது. புகை குறைந்த வகை சரிப்படுமா?

அவர் இருக்கும் வீட்டில் எதையும் ஏற்றாதீர்கள். குறைந்த புகையும் புகைதான். சந்தனம், கிராம்பு, பட்டை இட்ட சிறு துணிப் பைகள் ‘நியோய்புகுரோ’ என்ற பெயரில் விற்கின்றன. அவருக்குக் காரமான மணம் ஒத்துக்கொள்ளும் என்றால் மட்டும் அதை அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

இறுக மூடும் டப்பாவில். பூஜை அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு நல்ல பெட்டியைக் கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து ஏற்றினால் ஆரத்தி வாசம்.